1/17 சுழலுமா, சுழலாதா?

ஜூன் 2, இரவு 9.15 (கேள்வி)

பின்னத்தைத் தசமமாக்கினால் ஒன்று எங்கேயாவது முடியும், இல்லாவிட்டால் அதே இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். 1/17-ஐக் கால்குலேட்டரில் போட்டேன். 0.05882352941 என்று வருகிறது. முடியவும் இல்லை, திரும்பவும் இல்லை. போனில் போட்டாலும் அதே கதை. ஆகவே பாடம் தப்பு. சில பின்னங்கள் பை மாதிரி ஒழுங்கில்லாமல் ஓடத்தான் செய்கின்றன. மறுக்கிறவர்கள் கணக்கோடு வாருங்கள்.

ஜூன் 2, இரவு 10.40

கணக்கோடு வருகிறேன். முதலில் கால்குலேட்டரைக் கீழே வையுங்கள். பத்துப் பன்னிரண்டு இலக்கத்துக்கு மேல் காட்ட அதில் இடமில்லை. 1/17 ஒரு சுற்று வர எடுத்துக்கொள்வது பதினாறு இலக்கம். பாதி ஊர்வலம் போனதும் ஜன்னலைச் சாத்திவிட்டு, "போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை" என்கிறீர்கள்.

பேப்பரில் நெடுவகுத்தல் போடுங்கள். போடும்போது ஈவைப் பார்க்காதீர்கள், மீதியைப் பாருங்கள். 17-ஆல் வகுக்கும்போது மீதியாக என்னென்ன வரலாம்? 0 முதல் 16 வரை. 0 வந்தால் கணக்கு முடிந்தது. 0 வராவிட்டால் கையில் இருப்பவை பதினாறே எண்கள். பதினேழாவது படிக்குள் ஏதாவது ஒன்று இரண்டாம் முறை வந்தே தீரும். அதே மீதி வந்துவிட்டால் அதன் பக்கத்தில் அதே பூஜ்யத்தை இறக்கி அதே 17-ஆல்தான் வகுக்கப்போகிறோம். அப்புறம் வருவதெல்லாம் பழைய கதைதான்.

1/17-க்கு மீதிகள் வரும் வரிசை: 1, 10, 15, 14, 4, 6, 9, 5, 16, 7, 2, 3, 13, 11, 8, 12, திரும்ப 1.
ஈவு: 0.0588235294117647, திரும்ப 0588…

எந்த முழு எண்ணை எந்த முழு எண்ணால் வகுத்தாலும் இதேதான். பை இந்தப் பேச்சில் வராது, அது பின்னமே இல்லை. 22/7 பின்னம், அது 3.142857142857… என்று ஒழுங்காகச் சுழல்கிறது.

ஜூன் 2, இரவு 11.05

திருத்தம். பதினேழாவது படி என்று எழுதிவிட்டேன், பதினாறு போதும். தொடக்கத்தில் நிற்கும் 1-உம் ஒரு மீதிதான், அதை எண்ணாமல் விட்டேன். மேலே இருக்கும் வரிசையை எண்ணிப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

ஜூன் 3, காலை 7.20

"பதினாறு படி கையால் போட யாருக்குப் பொறுமை இருக்கிறது" என்று கேள்வி போட்டவர் கேட்கிறார். பத்து இலக்கம் காட்டும் சாதாரணக் கால்குலேட்டரே போதும், துண்டு துண்டாக வாங்கலாம்.

10,00,00,000-ஐ 17-ஆல் வகுத்தால் முழு எண் பகுதி 58,82,352. எட்டு இலக்கம் வேண்டும், ஏழுதான் இருக்கிறது, அதனால் முன்னால் ஒரு பூஜ்யம்: 05882352. இப்போது மீதி வேண்டும். 58,82,352 × 17 = 9,99,99,984. பத்துக் கோடிக்கு 16 குறைவு. ஆக மீதி 16. இனி இந்த 16-க்குப் பின்னால் எட்டுப் பூஜ்யம் போட்டு 17-ஆல் வகுங்கள். முழு எண் பகுதி 9,41,17,647. அந்த எட்டு இலக்கம்தான் அடுத்த துண்டு. அதன் கடைசியில் மீதி 1. புறப்பட்ட இடத்துக்கே வந்தாயிற்று.

கால்குலேட்டர் மீதியைக் காட்டாது, அவ்வளவுதான் அதன் குறை. மீதியை நாம் கையில் வைத்துக்கொண்டால் எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் வாங்கலாம்.

ஜூன் 3, மதியம் 1.10

சாப்பிட உட்கார்ந்தபோது கண்ணில் பட்டது. அந்த இரண்டு துண்டையும் கூட்டிப் பாருங்கள்.

05882352 + 94117647 = 99999999

1/7-இலும் இதே: 142 + 857 = 999. மிடி என்ற பிரெஞ்சுக்காரர் 1836-இல் இதை எழுதி வைத்தார். பகுதி பகா எண்ணாக இருந்து, சுழலும் இலக்கங்கள் இரட்டைப்படையில் இருந்தால், இரண்டு பாதியும் கூடி எல்லாம் 9 ஆகும்.

காரணம் மீதி வரிசையிலேயே இருக்கிறது. பாதி வழியில் மீதி 16. அதாவது அங்கிருந்து ஓடுவது 16/17. தொடக்கத்திலிருந்து ஓடுவது 1/17. இரண்டும் சேர்ந்தால் 1. இலக்கம் இலக்கமாகக் கூட்டினால் 0.9999…

0.999… ஒன்றுக்குச் சமமா என்று இங்கே யாரும் ஆரம்பிக்க வேண்டாம். சமம். அதற்கு வேறு இழை பாருங்கள், அங்கே ரத்த ஆறு ஓடுகிறது.

ஜூன் 3, இரவு 9.50

எது முடியும், எது சுழலும் என்று வகுக்காமலே சொல்ல வழி: பகுதியைப் (கீழே இருப்பதுதான் பகுதி; எனக்கே தொகுதியும் பகுதியும் அடிக்கடி மாறிப்போகும்) பகா எண்களாகப் பிரியுங்கள். 2, 5 தவிர வேறு எது இருந்தாலும் சுழலும். 10 = 2 × 5 என்பதைத் தாண்டி இதில் மர்மம் எதுவும் இல்லை. தசமம் என்றாலே பகுதி 10, 100, 1000 என்று வரவேண்டும். 3-ஐ எதால் பெருக்கினாலும் 1000 வராது.

ஜூன் 4, காலை 6.45

ஒருவர் 21/56 என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். விளக்கம் இல்லை, வணக்கம்கூட இல்லை. ஆனால் அடி சரியான இடத்தில் விழுந்தது. 56-இல் 7 இருக்கிறது, நான் சொன்னபடி சுழலவேண்டும். சுழலவில்லை, 0.375-இல் நின்றுவிடுகிறது. மேலேயும் கீழேயும் 7 அடிபட்டு 3/8 ஆகிவிடுவதால்தான். எனவே முதலில் சுருக்குங்கள், அப்புறம் பகுதியைப் பிரியுங்கள். நேற்று எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், இல்லாவிட்டால் 21/56 ஏன் இங்கே இருக்கிறது என்று யாருக்கும் புரியாது.

ஜூன் 5, இரவு 10.15

இனிக் கொஞ்சம் சொந்தக் கதை. பயிற்சியாளனாக ஓர் இயந்திரப் பட்டறையில் இருந்தேன். வரைபடங்கள் அங்குலக் கணக்கில் இருந்தன. துளை அளவெல்லாம் பின்னத்தில்: 5/64, 7/32, 25/32 என்று. அளக்கும் மைக்ரோமீட்டரோ தசமத்தில் காட்டும். சுவரில் 1/64 முதல் 63/64 வரை அச்சடித்த பட்டியல் ஒன்று தொங்கியது. அதைப் பார்த்து எழுதுவது கௌரவக் குறைச்சல் என்று மனசிலேயே வகுத்து எழுதுவேன். வயது அப்படி.

5/64. மனசில் போட்டேன். 500-இல் 64 ஏழு முறை, மீதி 52. 520-இல் எட்டு, மீதி 8. 80-இல் ஒன்று. வேலைச் சீட்டில் எழுதினேன்: 0.781.

எங்கே தப்பு என்று கண்டுபிடித்திருப்பீர்கள். 5-க்குப் பின்னால் முதல் பூஜ்யத்தை இறக்கினால் 50. அதில் 64 போகாது, ஈவில் 0 போடவேண்டும். இரண்டாவது பூஜ்யத்துக்குப் பிறகுதான் 500. நான் ஒரே தாவலில் 500-க்குப் போனேன், ஈவில் பூஜ்யத்தை மறந்தேன். உண்மையான விடை 0.078125.

பத்து மடங்கு தப்பு என்றால் யாருக்காவது உறுத்தியிருக்க வேண்டும் அல்லவா? உறுத்தவில்லை. ஏனென்றால் 0.781 என்பது 25/32-இன் தசமம் (0.78125). அந்த அளவில் நிஜமாகவே துளைப்பான் உண்டு, பெட்டியில் இருந்தது. எடுத்து மாட்டி, குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிய துளை வரவேண்டிய தகட்டில் கட்டை விரல் நுழையும் ஓட்டை போட்டாகிவிட்டது. துளை போட்டவர் என்னைத் திட்டவில்லை. தகட்டை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதுவே போதுமாக இருந்தது.

உளறலாகத் தெரிகிற தப்பை யாராவது பிடித்துவிடுவார்கள். இது இன்னொரு நல்ல அளவின் வேஷத்தில் வந்தது.

ஜூன் 5, இரவு 10.40

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. அந்தப் பட்டியலில் 63 வரிகளிலும் ஒன்றுகூடச் சுழலாது. 64 என்பது வெறும் இரண்டுகள், ஆறு இரண்டுகள். ஆறு இரண்டு இருந்தால் சரியாக ஆறாவது தசம இடத்தில் முடியும். 1/64 = 0.015625. அந்த 15625 என்பது 5-ஐ ஆறு முறை பெருக்கினால் வருவது. இரண்டுக்கு ஜோடியாக ஐந்தைக் கொடுத்துப் பத்தாக்குகிறோம், அவ்வளவுதான்.

இரண்டும் ஐந்தும் கலந்திருந்தால் எது அதிகமோ அதை எண்ணுங்கள். 1/40: மூன்று இரண்டு, ஓர் ஐந்து. மூன்று இடம், 0.025.

ஜூன் 6, காலை 8.05

இதையொட்டி ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். தமிழில் தனிப்பெயர் உள்ள பழைய பின்னங்கள்: அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. தசமத்தில் 0.125, 0.0625, 0.05, 0.0125, 0.003125. எல்லாமே முடிகின்றன! பகுதியில் இரண்டும் ஐந்தும் தவிர வேறு எதுவும் இல்லை. மா + காணி = மாகாணி என்பதைத் தசமத்தில் கூட்டினால் 0.05 + 0.0125 = 0.0625. பெயரே கூட்டல் கணக்கு. மூன்றில் ஒன்றை மட்டும் "மூன்றில் ஒன்று" என்று நீட்டி முழக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஜூன் 6, மாலை 5.30

கேட்டவர் விடுவதாக இல்லை. "1/6 சுழல்கிறது என்கிறீர்கள், 0.1666…-இல் 1 திரும்பி வரவில்லையே?" நல்ல கேள்வி. 6-இல் ஒரு 2 இருக்கிறது, ஒரு 3 இருக்கிறது. 3 சுழற்சியைக் கொடுக்கிறது, 2 முன்னால் ஓர் இலக்கத்தைச் சும்மா நிறுத்துகிறது. மீதிகளைப் பாருங்கள்: 1, 4, 4, 4… அந்த 1 திரும்ப வராது, வாசலோடு சரி. 1/28-இல் இரண்டு 2, ஒரு 7: 0.03 571428 571428… முன்னால் இரண்டு இலக்கம் வெளியே நிற்கிறது, உள்ளே நம் பழைய 142857-ஏ வேறு இடத்தில் தொடங்கிச் சுற்றுகிறது.

ஜூன் 7, இரவு 11.30

"முடியும் பின்னம், முடியாப் பின்னம்" என்று நாலு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். தூக்கம் வராமல் யோசித்தால் அது பாதி உண்மைதான். முடிவதும் முடியாததும் பின்னத்தின் குணம் இல்லை, பின்னத்துக்கும் பத்துக்கும் உள்ள உறவு. பத்தை மாற்றினால் எல்லாம் மாறும்.

கம்ப்யூட்டர் இரண்டை அடியாக வைத்து எண்ணுகிறது. அங்கே பகுதியில் 2 மட்டுமே இருக்கலாம். ஆகவே என்னைத் தலைகுனிய வைத்த 5/64 அதற்குத் துல்லியமாகத் தெரியும். நமக்கு 0.1 என்று ஒரே இலக்கத்தில் முடிகிற 1/10 அதற்கு முடியாது, ஏனென்றால் 10-இல் ஓர் 5 இருக்கிறது. அதே வகுத்தலைப் போடுங்கள், பத்தால் பெருக்குவதற்குப் பதில் இரண்டால் பெருக்கி: மீதிகள் 1, 2, 4, 8, 6, 2, 4, 8, 6… விடை 0.0 0011 0011 0011… சுழல்கிறது. எங்கேயோ வெட்டித்தான் ஆகவேண்டும். 0.1 + 0.2 என்று கேட்டால் பல நிரல்மொழிகள் 0.30000000000000004 என்று சொல்வது அந்த வெட்டுக்காயம்தான்.

சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர், சவுதி அரேபியாவின் தஹ்ரான். பேட்ரியாட் ஏவுகணை எதிர்ப்புச் சாதனம் நேரத்தை நொடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டிருந்தது. அதை நொடியாக்க 1/10-ஆல் பெருக்கியது, அந்த 1/10 இருபத்துநாலு பிட்டில் (பிட் என்றால் இரண்டை அடியாக வைத்த எண்ணில் ஓர் இலக்கம்) வெட்டப்பட்டிருந்தது. ஒரு துடிப்புக்கு வந்த பிழை ஏறத்தாழ 0.000000095. தொடர்ந்து 100 மணி நேரம் ஓடியதால் 36,00,000 துடிப்புகள். பெருக்கினால் 0.34 நொடி. அந்த நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். சாதனம் தவறான இடத்தில் தேடியது. 28 வீரர்கள் செத்துப்போனார்கள்.

ஜூன் 8, காலை 9.00

நேற்று எழுதியது கனமாகிவிட்டது. வேறு பக்கம் போவோம். எக்ஸெல் மாதிரி விரிதாளில் 3/4 என்று தட்டினால் அது தசமமாகாமல் தேதியாகிவிடுகிறது என்று ஒருவர் புலம்பியிருக்கிறார். முன்னால் சமக்குறி போடுங்கள். பின்னத்தைக் கண்டு தேதி என்று நினைப்பது அதன் பிறவிக் குணம்.

ஜூன் 8, காலை 9.25

அதே விரிதாளில் நான் பட்டதும் ஒன்று. மூன்று பேருக்குச் சம பங்கு, ஆளுக்கு 33.33 சதவீதம் என்று தட்டி வைத்தேன். கூட்டுத்தொகை 99.99. மிச்சம் 0.01 யாருக்கு என்று மேலதிகாரி கேட்டார். ஒருவருக்கு மட்டும் 33.34 போட்டேன். மற்ற இருவரும் ஏன் என்று கேட்டார்கள். கடைசிவரை =1/3 என்று பின்னமாகவே வைத்து, காட்டும்போது மட்டும் தசமமாக்கியிருக்க வேண்டும். தசமமாக்குவதைக் கூடியமட்டும் தள்ளிப்போடுங்கள். ஆக்கிய நிமிடமே மீதி தொலைந்துபோகிறது, அப்புறம் அதைத் தேடி எடுக்க முடியாது.

ஜூன் 9, இரவு 8.40

"பகா எண்ணாக இருந்தால் அதைவிட ஒன்று குறைந்த நீளம்தானே? 7-க்கு 6, 17-க்கு 16" என்று கேட்டவர் ஒரு விதி செய்துவிட்டார். நானும் முதல் நாள் ஏறத்தாழ அப்படி நினைக்கும்படிதான் எழுதியிருக்கிறேன். இல்லை. அது உச்ச வரம்புதான்.

13-ஐப் பாருங்கள். 1/13 = 0.076923…, ஆறே இலக்கம். மீதிகள் 1, 10, 9, 12, 3, 4 என்று சுற்றி வந்துவிடுகின்றன. மற்ற ஆறு மீதிகள்? அவை தனி வளையம்: 2, 7, 5, 11, 6, 8. ஆகவே 2/13 = 0.153846… என்று வேறோர் இலக்க வரிசையோடு வருகிறது. 17-இல் பதினாறு பின்னங்களும் ஒரே வளையத்தில் வேறு வேறு இடத்தில் ஏறுகின்றன. 13-இல் இரண்டு வளையம். 37-க்கு நீளம் வெறும் மூன்று (27 × 37 = 999, போட்டுப் பாருங்கள்). 41-க்கு ஐந்து.

நீளம் எப்போதும் ஒன்று குறைந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் என்பது உறுதி: 12-ஐ 6 வகுக்கும், 36-ஐ 3, 40-ஐ 5. ஆனால் எந்தப் பகா எண் முழு நீளம் ஓடும் என்று முன்கூட்டியே சொல்லும் எளிய சூத்திரம் கிடையாது. ஜெர்மன் கணித மேதை காஸ் 1801-இல் வெளியிட்ட நூலின் பின்னிணைப்பில் இந்தச் சுழற்சிகளுக்கே ஓர் அட்டவணை வைத்தார். வில்லியம் ஷாங்க்ஸ் 1874-இல் 20,000-க்குக் கீழே உள்ள பகா எண்களுக்கு நீளம் கணக்கிட்டு வெளியிட்டார், எல்லாம் கைக்கணக்கு. பையை 707 இடம் வரை போட்டு 528-ஆவது இடத்தில் தடுக்கி விழுந்தாரே, அதே ஷாங்க்ஸ். அந்தத் தப்பு எழுபது வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. இதைப் படித்தபின் என் 0.781 கொஞ்சம் சிறியதாகத் தெரிகிறது.

ஜூன் 10, காலை 7.00

1/81 = 0.012345679012345679… 8 எங்கே என்று கேட்கிறார்கள். எங்கேயும் போகவில்லை. 7, 8, 9, 10, 11 என்று ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டே போங்கள். 10 ஓர் இடத்தில் அடங்காது, அதன் 1 இடப்பக்கம் போய் 9-ஐப் 10 ஆக்கும். அந்த 1-உம் இடப்பக்கம் போய் 8-ஐ 9 ஆக்கும். நாம் பார்க்கும் 9 உண்மையில் 8.

ஜூன் 12, இரவு 11.50

இரண்டு நாளாகக் காணோம் என்று கேட்டிருக்கிறீர்கள். 1/97-ஐக் கையால் போட்டுக்கொண்டிருந்தேன். முழு நீளம் ஓடுகிற எண், 96 இலக்கம். ஷாங்க்ஸைப் பற்றி எழுதிய திமிர்.

முதல் நாள் 48 படி முடித்தேன். மிடி சொன்னபடி பாதி வழியில் மீதி 96 வரவேண்டும். வேறு ஏதோ வந்தது. எழுதிய இலக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. தெரியாதுதான். 97-க்கு ஒரே வளையம், எல்லா மீதியும் அதில்தான் இருக்கின்றன. ஓர் இடத்தில் தப்பினால் அதே வளையத்தில் வேறோர் இடத்தில் குதித்து அங்கிருந்து ஒழுங்காக ஓட ஆரம்பித்துவிடும். ஒவ்வோர் இலக்கமும் பார்க்க நிஜம் மாதிரியே இருக்கும். 25/32 துளைப்பான்தான், வேறு வேஷத்தில்.

ஈவை விட்டுவிட்டு மீதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்பதாவது படி: 810-இல் 97 எட்டு முறை, 776. நான் 766 என்று எழுதியிருக்கிறேன். மீதி 34 வரவேண்டிய இடத்தில் 44. அதற்கப்புறம் போட்ட முப்பத்தொன்பது படியும் வீண்.

இன்று 34-இலிருந்து திரும்பப் போட்டேன். நாற்பத்தெட்டாவது படியில் மீதி 96.

010309278350 515463917525 773195876288 659793814432

மிச்சம் 48 இலக்கத்தை வகுக்கவே இல்லை. ஒவ்வொன்றையும் 9-இலிருந்து கழித்து எழுதினேன்:

989690721649 484536082474 226804123711 340206185567

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.